தரித்து நிற்கும் காலம்

நெடுந்தீவு
13 யூலை 2025

அன்புள்ள கோசலாவுக்கு,

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீர் சிரிப்பீர். சிரித்தால் நல்லது. உம்முடைய அம்மா வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தால் நான் கதைப்பது உமக்கு மட்டுமல்ல, குசினியில் தேங்காய் துருவுகிறவருக்கும் வேலிக்கு அப்பால் ஆடு கட்டுகிறவருக்கும் கேட்கிறது. போனைக் காதில் வைத்தால் ஏதோ கதிர் மூளைக்குள் போகும் என்று மாமிக்கு யார் சொன்னார்களோ, அன்றிலிருந்து மண்டைதீவு வீட்டில் எல்லாமே லவுட்ஸ்பீக்கர்தான். கடிதத்துக்கு அது இல்லை. என்னுடைய வள்ளத்தில் வேலைக்கு நிற்கிற டிலோன் கிழமையில் இரண்டு நாள் சாமான் எடுக்க யாழ்ப்பாணம் போகிறவன். போகிற வழியில் மண்டைதீவில் இறங்கி உம்முடைய கையிலேயே தருவான். மாமி கேட்டால் பள்ளிக்கூட வேலை என்று சொல்லும். அது பாதி உண்மை.

நான் சுகம். நீரும் மகளும் சுகம் என்று டிலோன் சொல்லிவிட்டான். ஆகவே அந்த வரியை இத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

மகளின் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு நான் வராதது பிழை. ஆனால் நடந்ததைக் கேளும். மூன்று நாளாகச் சோழகக் காற்று கடலைப் புரட்டி எடுத்துவிட்டு அன்றைக்குத்தான் அடங்கியது. குறிகட்டுவான் துறையில் தீவுக்கு வரவேண்டிய சாமான் மலையாகக் கிடந்தது. இங்கே கடைகளில் கோதுமை மா இல்லை, பால்மா இல்லை. கடைக்காரச் சரவணமுத்தண்ணைக்கு வந்த கோழி இறைச்சி ஐஸ்பெட்டியில் உருகத் தொடங்கியிருந்தது. ஒரு நடை ஓடிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு நடை மூன்று நடையாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மாமி போன் எடுத்தார். “மருமோன், எங்க நிக்கிறியள்? ஐயர் வந்திட்டார்.” நான் சொன்னேன்: “சாமான் பழுதாப் போடும் மாமி. பிள்ளை என்ன பழுதாப் போகவே போகுது?” அது மாமிக்குச் சொன்ன பகிடி. ஐயருக்கோ, சரவணை ஊரிலிருந்து வந்த உம்முடைய பெரியம்மாமாருக்கோ சொன்னதல்ல. அன்றிலிருந்து போனில் உம்மிடமிருந்து ‘ஓம்’, ‘இல்லை’ என்ற இரண்டு சொற்களைத் தவிர ஒன்றும் வருவதில்லை.

இனி மற்றப் பாதி. உம்முடைய ஒன்பதாம் வகுப்பு யூலியட் நேற்றுத் துறையில் என்னைப் பிடித்தாள். நீர் விடுப்பில் போன பிறகு சுவர்ப் பத்திரிகையில் கேள்வி மூலை வெறுமையாகக் கிடக்கிறதாம். நீர் காட்டிக்கொடுத்தபடியே பிள்ளைகள் பொழுது படுகிற நேரத்தில் அந்த விண்வெளி நிலையம் நகர்ந்து போவதை இன்னும் பார்க்கிறார்களாம். அவளுடைய கேள்வி இதுதான்: சாமான் கொண்டுபோகிற விண்கலம் அங்கே போய்ப் பூட்டிக்கொண்டால் எவ்வளவு காலம் தரித்து நிற்கலாம்?

நானும் ஒரு சாமான்காரன் என்றபடியால் என்னிடம் கேட்டாளாம். இறங்குதுறையில் என்றால் அடுத்த வள்ளக்காரன் ஏசும்வரைக்கும் நிற்கலாம் என்றேன். அவளுக்கு அது போதவில்லை. பதிலை எழுதி அனுப்பும். எவ்வளவு காலம் என்று எனக்கும் தெரிய வேண்டியிருக்கிறது.

நிதர்சன்

*

மண்டைதீவு
19 யூலை 2025

நிதர்சன் அறிவது,

யூலியட்டுக்கான பதில் இது. அப்படியே கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டுங்கள்.

“அன்புள்ள யூலியட், எல்லாக் கலத்துக்கும் ஒரே கணக்கு இல்லை. பூமிக்குத் திரும்பி வரக்கூடிய ஒரு வகை பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதம் நிற்கும். ரஷ்யாவின் கலம் அரை ஆண்டளவு நிற்கும். வேறு சில மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை. சீனாவின் கலம் அவர்களுடைய நிலையத்தில் ஒன்பது மாதம் வரையும் நின்றிருக்கிறது. எவ்வளவு நிற்கலாம் என்பதைக் கலத்தின் உடம்புதான் முதலில் சொல்லும். அங்கே ஒரு பக்கம் சுட்டெரிக்கும், மறுபக்கம் உறையும். மின்கலமும் இறப்பர் வளையங்களும் எரிபொருள் தாங்கியும் எவ்வளவு காலம் பழுதில்லாமல் இருக்கும் என்று செய்தவர்கள் சோதித்துப் பார்த்திருப்பார்கள். அந்த எல்லையைத் தாண்ட விடமாட்டார்கள். அடுத்தது இடம். நிலையத்தில் வாசல்கள் கொஞ்சம்தான். அடுத்த கலம் வருமுன் ஒரு வாசல் காலியாக வேண்டும். போய்ச் சேர்ந்ததும் கெட்டுப்போகக்கூடிய சாமானைத்தான் முதலில் இறக்குவார்கள். மிச்சத்தை ஆறுதலாக இறக்கலாம்.”

கடைசி இரண்டு வரியை எழுதும்போது உங்களுக்கு மனதுக்குள் ஒரு வெற்றிச் சிரிப்பு வரும் என்று தெரிந்துதான் எழுதினேன். கெட்டுப்போகிற சாமானை முதலில் இறக்குவது விஞ்ஞானம். அதற்கு என்னால் மறுப்புச் சொல்ல முடியாது. ஒன்பது மாதக் கணக்கை வைத்தும் பகிடி எழுத வேண்டாம்.

உங்களுக்கு அது மூன்று நடை. எனக்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். பக்கத்துக் கதிரை நீங்கள் இருப்பதற்குப் போட்டது. ஐயர் மாவிலையைத் தண்ணீரில் தோய்த்துக் கையை உயர்த்திய நேரம் உங்கள் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. ஐயர் கையை உயர்த்தியபடியே நின்றார். பெரியம்மா எழும்பி அந்தக் கதிரையைத் தூக்கிச் சுவரோரம் வைத்தார். எல்லோரும் அந்தக் கதிரை போன வழியைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

மகள் இப்போது முகம் பார்த்துச் சிரிக்கிறாள். என்னைப் பார்த்து, அம்மாவைப் பார்த்து, மின்விசிறியைப் பார்த்து.

கோசலா

*

நெடுந்தீவு
27 யூலை 2025

அன்புள்ள கோசலாவுக்கு,

உம்முடைய பதிலை யூலியட்டே அழகான எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள். நான் போய் நின்று வாசித்தேன். பிள்ளைகளுக்குத் தெரியாமல் இரண்டாம் முறையும் வாசித்தேன். ‘மிச்சத்தை ஆறுதலாக இறக்கலாம்’ என்ற இடத்தில் எனக்கு வெற்றிச் சிரிப்பு ஒன்றும் வரவில்லை. அந்தக் கதிரைதான் கண்ணில் நின்றது.

மின்விசிறிக்குப் பிறகாவது எனக்கு ஒரு முறை கிடைக்குமா என்று மகளிடம் கேட்டுச் சொல்லும்.

இதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், ஏலவில்லை. நீர் வேலணைப் பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம் கேட்டிருக்கிறீராம். அதை நான் பஸ் கொண்டக்டரிடமிருந்து கேள்விப்பட்டேன். மாமி பஸ்ஸில் பக்கத்துச் சீற்றுக்காரிக்குச் சொன்னது, கொண்டக்டர் வழியாகக் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கே ரிக்கற் கொடுக்கிறவர் வழியாக எனக்கு வந்தது. “ரீச்சர் இனித் தீவுக்கு வரமாட்டாவாம், என்ன தம்பி?” என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியும் என்பதுபோல் தலையாட்டினேன். ஒன்றும் தெரியாது என்று எப்படிச் சொல்வது, கோசலா?

நீர் விடுப்பில்தான் போயிருக்கிறீர், விடுப்பு முடிய வருவீர் என்றிருந்தேன். நாலு வருடம் அந்த ஆய்வுகூடத்தை உம்முடைய கையால் துடைத்து வைத்திருந்தீர். போன கிழமை போய் யன்னல்களைத் திறந்து காற்றுப் படவிட்டேன். இனி அதைச் செய்யவா விடவா என்று தெரியவில்லை.

பிள்ளைகள் இன்னொன்று கேட்கிறார்கள். இறக்கி முடிந்த பிறகு அந்தக் கலம் அங்கே சும்மாதான் நிற்குமா? சும்மா நிற்கிற வள்ளத்தைத் துறையில் ஒருவரும் விடமாட்டார்களே.

நிதர்சன்

*

மண்டைதீவு
5 ஓகஸ்ட் 2025

நிதர்சனுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு கிழமையாகிறது. முதல் எழுதிய பதிலைக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிக்கலாம். ஆனால் பிள்ளை நித்திரை, அம்மா கோயிலுக்குப் போய்விட்டார், இப்படி ஒரு நேரம் திரும்பக் கிடைக்காது.

முதலில் பிள்ளைகளுக்கு.

“கலம் சும்மா நிற்பதில்லை. இறக்கி முடிந்ததும் அது களஞ்சிய அறையாகிறது. பிறகு குப்பை அறையாகிறது. நிலையத்தில் இருப்பவர்கள் கழித்த உடுப்பு, வெற்றுப் பொதிகள் எல்லாம் அதற்குள் போகும். இன்னும் ஒரு வேலை இருக்கிறது. அவ்வளவு உயரத்திலும் மிக மெல்லிய காற்று உண்டு. அதில் உரசி உரசி நிலையம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கீழே இறங்குகிறது. பூட்டிக்கொண்டு நிற்கிற சில கலங்கள் தங்கள் இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் ஓட்டி முழு நிலையத்தையும் மேலே தள்ளிவிடும். தள்ளுவதற்கு ஒருவரும் இல்லையென்றால் அது இறங்கிக்கொண்டே போகும். கடைசியில், திரும்பி வராத வகைக் கலங்கள் குப்பையையும் சுமந்துகொண்டு வந்து வானத்திலேயே எரிந்து போகின்றன.”

இனி உங்களுக்கு. ஓம், இடமாற்றத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அம்மா சொன்னார், நான் கையெழுத்து வைத்தேன். உங்களுக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும். அது என்னுடைய பிழை. ஆனால் ஏன் கையெழுத்து வைத்தேன் என்பது துடக்குக் கழிவுக் கதை அல்ல.

ஏப்ரல் கடைசியில் நான் யாழ்ப்பாணத்தில் கிளினிக் முடிந்து திரும்பிய நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? காற்றென்று பயணிகள் படகு ஓடவில்லை. “எங்கட வள்ளத்தில போவம், பயப்பிடாதையும்” என்றீர்கள். வயிறு இவ்வளவு பெரிது. மா மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு என்னை இருத்தினீர்கள். நடுக்கடலில் அலை பக்கவாட்டில் அடித்துத் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது. நீங்கள் திரும்பிப் பார்த்துச் சத்தம் போட்டீர்கள். “டிலோன், தறப்பாளை இழுத்து மாவை மூடு! மா நனையுது!”

டிலோன் மூடினான். மா நனையவில்லை. நான் தலையிலிருந்து கால்வரை நனைந்து, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்தத் தறப்பாளின் நுனிக்குப் பக்கத்தில் இருந்தேன். கையெட்டும் தூரத்தில்தான் அது இருந்தது. நானாக இழுத்திருக்கலாம். நீங்கள் சொல்ல வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. கரையேறியதும் “மா தப்பிவிட்டது” என்று சந்தோசமாகச் சொன்னீர்கள்.

அதனால்தான் போனில் அந்தப் பகிடி எனக்குப் பகிடியாகக் கேட்கவில்லை. இரண்டாம் முறை கேட்டதுபோல் இருந்தது. நாளைக்கு இவளையும் தூக்கிக்கொண்டு அந்த வள்ளத்தில் ஏறினால் மூட்டைக்குப் பிறகுதான் இவளும் என்று நினைத்தேன். கையெழுத்து வைத்தேன்.

ஆய்வுகூட யன்னலைத் திறந்துவிட்டதற்கு நன்றி. திரும்பப் பூட்டினீர்களா? மழைக்கு முன் பூட்ட வேண்டும்.

கோசலா

*

நெடுந்தீவு
14 ஓகஸ்ட் 2025

கோசலா,

உம்முடைய கடிதத்தை வள்ளத்தில் வைத்து வாசித்தேன். அன்றைக்கு நீர் இருந்த இடத்தில் போய் இருந்து பார்த்தேன்.

எனக்கு அந்த நாளில் அலை நினைவிருக்கிறது, சுக்கான் நினைவிருக்கிறது, மா நினைவிருக்கிறது. நீர் நனைந்தது நினைவில்லை. அதுதான் எனக்குப் பெரிய வெட்கமாக இருக்கிறது. இத்தனை வருடமாக மாவை மூடு, சீனியை மூடு, சீமெந்தை மூடு என்றே வாய்க்குப் பழகிவிட்டது. இதை ஒரு நியாயமாகச் சொல்லவில்லை. நியாயம் இல்லை.

இந்த முறை கேள்வி ஒன்றும் இல்லை. பள்ளி விடுமுறை. எப்போது வருவீர் என்றும் கேட்கவில்லை.

வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டேன், கொஞ்சம் வேலை இருக்கிறது. சாமான் குறிகட்டுவானில் கிடக்கிறது, கடைக்காரர் எல்லோரும் என்னை ஏசுகிறார்கள். ஏசட்டும்.

யன்னலைப் பூட்டிவிட்டேன். வீட்டில் உம்முடைய சத்தம் இல்லாமல் சரியாக இல்லை, கோசலா.

நிதர்சன்

*

மண்டைதீவு
24 ஓகஸ்ட் 2025

அன்புள்ள நிதர்சனுக்கு,

போன புதன்கிழமை நீங்கள் வந்துபோனதைப் பற்றி நீங்கள் இருந்தபோது ஒரு வார்த்தை பேச முடியவில்லை. வீடு நிறையக் காது. அதனால் எழுதுகிறேன்.

பகல் பதினொரு மணிக்குப் படலை திறந்த சத்தம் கேட்டு அம்மா எட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே ஓடிவந்து எனக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு அயலுக்கெல்லாம் கேட்கச் சொன்னார். “மருமோன் வந்திருக்கிறார் பிள்ளை. வெறுங்கையோட வந்திருக்கிறார்!” பிள்ளை பிறந்த வீட்டுக்கு மருமகன் ஒரு வாழைப்பழச் சீப்புக்கூட இல்லாமல் வருவதை அவர் எழுபது வயதுவரை காணவில்லையாம். நீங்கள் சப்பாத்தைக் கழற்றும்வரைக்கும் உங்கள் கைகளையும் முதுகுப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

எனக்கோ அந்த வெறுங்கைதான் பெரிதாகப் பட்டது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து நீங்கள் எங்கே வந்தாலும் தோளில் ஒரு மூட்டை, கையில் ஒரு பெட்டி. சும்மா கையை வீசிக்கொண்டு என்னைப் பார்க்க மட்டும் வந்தது இதுதான் முதல் தரம். அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்த ஏலாது.

அப்பா கேட்டாரே, “ஏன் தம்பி, சாமான் எல்லாம் துறையில கிடக்குதாமே?” என்று. நீங்கள் பிள்ளையைத் தூக்கியபடி “கிடக்கட்டும் மாமா” என்றீர்கள். லவுட்ஸ்பீக்கர் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. பெரியம்மாவுக்கு அன்று பின்னேரமே செய்தி போய்விட்டது. நானே போன் எடுத்துச் சொன்னேன்.

மகள் உங்கள் சேர்ட்டை நனைத்ததற்கு நான் சிரித்தது பழிவாங்கல் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம்தான். பிறகு நீங்கள் பாயில் சரிந்து, அவளை நெஞ்சில் போட்டபடியே நித்திரையாகிவிட்டீர்கள். அவளும் நித்திரை. நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் விரல்களில் பைபர் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. என்ன வேலை நடக்கிறது என்று கேட்டதற்கு “ஓட்டை அடைக்கிறன்” என்றீர்கள். ஓட்டை அடைக்கிற முகம் எனக்குத் தெரியும். அது வேறு முகம்.

ஒரு செய்தி. வேலணைக்கு இடமாற்றம் சரிவந்துவிட்டது. ஒக்டோபரில் அங்கே போகலாம். விருப்பமில்லையென்றால் இந்த மாதக் கடைசிக்குப் பிறகும் கொஞ்ச நாள் பொறுத்து அறிவிக்கலாம் என்கிறார்கள். அம்மா அந்தக் கடிதத்தைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை பஸ் கொண்டக்டருக்கு முன் உங்களுக்குச் சொல்கிறேன்.

கோசலா

பி.கு.: அம்மா கேட்கச் சொன்னார். அடுத்த முறை வரும்போது வாழைப்பழம் வேண்டாமாம், நெடுந்தீவுப் பசுநெய் இருந்தால் நல்லதாம்.

*

நெடுந்தீவு
3 செப்டெம்பர் 2025

அன்புள்ள கோசலாவுக்கு,

நெய் இந்தக் கடிதத்தோடு வருகிறது. டிலோன் வழியில் திறந்து பார்க்காவிட்டால் முழுதாக வரும்.

ஓட்டை அடைக்கவில்லை. முகம் காட்டிக்கொடுத்துவிட்டது, சரி. வள்ளத்தின் பின்பக்கம் சுக்கானுக்கு முன்னால் ஓர் இருக்கை கட்டியிருக்கிறேன். சாய்மானத்தோடு மூன்று பேர் இருக்கலாம். மேலே பைபர் கூரை, இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்த மறைப்பு. நான் சுக்கானில் நின்றால் உள்ளே இருப்பவர் எனக்கு நேரே தெரிவார். நேற்றுக் கடலில் இறக்கிப் பார்த்தேன். டிலோனை உள்ளே இருத்திவிட்டு அலைக்குப் பக்கம் காட்டி ஓடினேன். அவன் நனையவில்லை. தலை சுற்றிச் சத்தி எடுத்தான், அது வேறு.

இதனால் ஏற்றுகிற மூட்டை குறைந்துவிட்டது. சரவணமுத்தண்ணை வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, “இது என்ன தம்பி, சாமான் வள்ளமோ கலியாண வள்ளமோ?” என்றார். இரண்டும்தான் என்றேன். இன்னொரு நடை ஓடினால் போகிறது.

ஆனால் இதைக் காட்டி உம்மைக் கூப்பிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்தக் கூரை நீர் வந்தாலும் வராவிட்டாலும் இருக்க வேண்டியது. அன்றைக்கே இருந்திருக்க வேண்டியது.

வேலணை உமக்குப் பிடித்திருந்தால் போம். நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். வள்ளத்தைப் பின்னேரம் குறிகட்டுவானிலேயே கட்டிவிட்டு பஸ்ஸில் வேலணைக்கு வந்துவிடுவேன், விடியத் திரும்பிப் போவேன். காற்று நாளில் கொஞ்சம் கரைச்சல்தான். வள்ளக்காரன் துறையை மாற்றலாம், அதில் என்ன குறைந்துபோகிறது? நீரும் மகளும் நிற்கிற இடத்தில் நானும் நிற்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. நீர் எழுதிய ‘வானத்திலேயே எரிந்து போகின்றன’ என்ற வரியை வாசித்த நாளிலிருந்து யூலியட்டுக்கு முகம் சரியில்லை. அவ்வளவு காலம் நின்று, தள்ளி, குப்பையும் சுமந்து, கடைசியில் எரிவதா என்று கேட்கிறாள். சாமான் கொண்டுபோன கலம் ஒன்றாவது எரியாமல் அங்கேயே நின்றுவிட்டதா என்று உம்மிடம் கேட்கச் சொன்னாள். இல்லையென்றால் இல்லையென்றே எழுதும். பிள்ளைகளுக்காகப் பொய் வேண்டாம்.

நிதர்சன்

*

மண்டைதீவு
12 செப்டெம்பர் 2025

என் நிதர்சனுக்கு,

யூலியட்டுக்குப் பொய் சொல்லத் தேவையில்லை. இதைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள்.

“அன்புள்ள யூலியட், ஒன்று இருக்கிறது. அதன் பெயர் லியனார்டோ. இத்தாலியில் செய்தது. அது தானாகப் பறக்கிற கலமல்ல. விண்ணோடத்தின் வயிற்றுக்குள் ஏறிப்போய், நிலையத்தோடு பூட்டிச் சாமானை இறக்கிவிட்டு, சில நாளில் அதே விண்ணோடத்தில் வீட்டுக்குத் திரும்பி வருகிற ஒரு பெரிய சாமான் பெட்டி. பல தடவை அப்படிப் போய் வந்தது. பிறகு இது அங்கேயே இருக்கட்டுமே என்று தீர்மானித்தார்கள். ஆனால் இருந்தபடியே கொண்டுபோய் விட்டுவிடவில்லை. சில நாளைக்கென்று செய்த உடம்பு பல வருடத்துக்குத் தாங்காது. விண்வெளியில் சிறு கற்களும் உடைந்த துண்டுகளும் துப்பாக்கிக் குண்டைவிட வேகமாக வரும். ஆகவே முதலில் அதன் வெளிப்புறத்துக்கு இன்னும் தடித்த காப்புப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் 2011ஆம் ஆண்டு கொண்டுபோய் நிரந்தரமாகப் பூட்டினார்கள். இன்றைக்கும் அது அங்கே நிற்கிறது. இப்போது அதைச் சாமான் பெட்டி என்று ஒருவரும் சொல்வதில்லை. அது வீட்டின் ஓர் அறை. பொழுது படுகிற நேரத்தில் நீங்கள் பார்க்கிற அந்த வெளிச்சப் புள்ளிக்குள் அதுவும் இருக்கிறது.”

இதை எழுதி முடித்துவிட்டு உங்கள் கடிதத்தைத் திரும்பவும் எடுத்து வாசித்தேன். நான் கேட்டது வேலணையை அல்ல, நிதர்சன். அந்த ஆய்வுகூடமும் அந்தப் பிள்ளைகளும் எனக்கு வேண்டும். நீங்கள் வேண்டும். நான் நனைகிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது. நீங்களும் துறையை மாற்றிக்கொண்டு வரத் தயார் என்று எழுதிவிட்டீர்கள். அந்தக் கடிதத்தை மடித்துத் தலையணைக்குள் வைத்திருக்கிறேன். நீங்கள் அப்படி எழுதிய பிறகு எனக்கு வேலணை தேவைப்படவில்லை.

இடமாற்றம் வேண்டாம் என்று நேற்று அறிவித்துவிட்டேன். அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் இருந்த கடிதத்தை எடுத்து மடித்துவிட்டார். இன்று விடிய நெய்ப் போத்தலைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, “அங்க உனக்கு ஆர் பிள்ளையைக் குளிக்க வாக்கிறது?” என்று கேட்டார். நான் பதில் சொல்ல முன் அவரே அலுமாரியைத் திறந்து தன்னுடைய சேலைகளை எடுத்துக் கட்டிலில் போடத் தொடங்கிவிட்டார். இரண்டு நாளைக்குத்தானாம். எனக்கு ஒரு பை, பிள்ளைக்கு ஒரு பை, அம்மாவுக்கு நாலு பை. அதில் ஒன்றுக்குள் அம்மியின் குழவி இருக்கிறது. அம்மா எவ்வளவு காலம் தரித்து நிற்பார் என்ற கேள்வியைச் சுவரில் ஒட்ட வேண்டாம் என்று யூலியட்டிடம் சொல்லிவையுங்கள்.

வெள்ளிக்கிழமை பெண்பிள்ளை பிறந்த வீட்டை விட்டுப் போகக்கூடாதாம், செவ்வாய் கூடாதாம். ஆகவே வருகிற வியாழன். காற்றும் தணிந்துவிட்டது என்று டிலோன் சொல்கிறான். அப்பா குறிகட்டுவான்வரை வந்து ஏற்றிவிடுவார். எங்களுக்காக வெறும் வள்ளத்தைக் கொண்டுவர வேண்டாம். வழக்கம்போல் ஏற்ற வேண்டியதை ஏற்றுங்கள். கடைக்காரர் பாவம்.

அலை அடித்தால் சத்தம் போட்டு டிலோனிடம் சொல்லுங்கள், மாவை மூடட்டும். நாங்கள் கூரைக்குக் கீழே இருப்போம்.

உங்கள் கோசலா